நீட்டுக்கட்டை வரும்வரை

தொண்ணூறுகளில், சரவணம்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், வீட்டுக்காரர் ஒரு பிரிக் கேம் வாங்கி வந்தார். "உனக்கு இதெல்லாம் வராது அம்மணி" என்றார். அதற்காகவே பழகினேன். அதன் சின்னத் திரையில் மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பிச் சந்தில்லாமல் அடுக்கினால் வரிசை மறையும். எனக்கு முதலில் கோபுரம்தான் எழும்பியது.

கை பழகியபின் ஒருநாள், ஓரத்தில் நாலு வரிசை ஆழத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் விட்டுவைத்து, நீட்டுக்கட்டைக்காகக் காத்திருந்தேன். மாமனார் உள்ளே வந்தார். அவர் வந்தால் மருமகள் எழுந்து நிற்பது அந்த வீட்டு வழக்கம். நான் எழவில்லை.

"ஏனம்மணி, நான் வந்தது தெரியலையா?"

"தெரியுதுங்க மாமா. கட்டை விழுகுதுங்க, சித்தெ இருங்க."

நாலு வரிசையும் ஒன்றாக மறையும்வரை அவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்காகவும் நான் எழுந்து நின்றதில்லை. 'ங்க' போடுவதை மட்டும் விடவில்லை.