அறுத்துப் பார்த்த ஃபில்டர்

கொல்லங்கோட்டில் அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். மெலிந்த ஆள், தூக்கம் கெட்ட கண்கள். பழைய ஆயில் ஃபில்டரை ரம்பத்தால் அறுத்துப் பார்க்காமல் புதியதை எடுத்துத் தரமாட்டார். காத்து நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் கண்டுகொள்ளமாட்டார்.

இருபது வருடப் பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் காரோடு மல்லுக்கட்டி நான் அலுத்துப் போயிருந்தேன். நான் கொண்டுபோன ஃபில்டரையும் அறுத்தார். உள்ளிருந்த மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் காட்டினார். கரிய எண்ணெயில் உலோகத்தூள் மினுங்கியது.

"டர்போ பேரிங் தேயுதுங்க. ஏனுங்க, வண்டிய வெச்சுக்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"வெச்சுக்கறதுன்னா நல்ல சிந்தெடிக் ஆயிலு, கம்பெனி ஃபில்டருங்க. டர்போவையும் கழட்டிப் பாக்கோணும். விக்கறதுன்னா கெட்டி ஆயிலே போதும். சத்தம் கொஞ்ச நாளைக்கு அமுங்கிக் கெடக்குமுங்க."

"விக்கத்தானுங்க," என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவதாக இருந்தது.

அவர் முகம் மாறவில்லை. கெட்டி ஆயில் டின்னையும் விலை குறைந்த ஃபில்டரையும் எடுத்து வைத்தார். பிறகு அந்த மடிப்புக் காகிதத்தைச் செய்தித்தாளில் பொதிந்து நீட்டினார்.

"வாங்கறவருகிட்ட இதையும் குடுத்துருங்க."

குரலில் கேலியில்லை, கண்டிப்பும் இல்லை. எல்லோரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

கார் கைமாறி எட்டு மாதமாகிறது. இப்போதிருக்கும் வண்டிக்கு ஆயில் வாங்க நான் பாலக்காடு வரை போகிறேன். எண்ணெய் ஊறிய அந்தப் பொட்டலம் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.