தெளிந்த ஏரியும் ஓர்வில் நீமியும்

படகை நிறுத்தியதும் ஓர்வில் நீமி வலையைத் தொடமாட்டார். விளிம்பில் குனிந்து ஏரியின் அடியை எட்டிப் பார்ப்பார். துருப்பிடித்த நங்கூரம், ஒரு டிராக்டர் டயர், கம்பளம் விரித்தாற்போல் சிப்பிகள். "எல்லாம் தெரியுது, மீனைத் தவிர" என்பார். தண்ணீரில் துப்பப் போவார். அது இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று படகுக்குள்ளேயே துப்பிவிடுவார்.

மிச்சிகன் ஏரியில் மீன் பிடிப்பது அவர் தொழில். அவருக்கு ஐஸ் விற்பது என் தொழில். பேசும்போது தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்துக்கொண்டே பேசுவார், பதில் அங்கே இருப்பதுபோல.

ஒரு காலத்தில் ஏரி பட்டாணி சூப் நிறத்தில் இருந்தது. ஊர்ச் சாக்கடை அதில் கலக்கக் கூடாதென்று வீடுவீடாகப் போய்ச் சண்டை போட்டவர் அவர் மனைவி லோர்னா. வலை காலியாக வரத் தொடங்கியதிலிருந்து மற்ற மீனவர்களுக்கு அது கேலி.

"உன் பொண்டாட்டி ஏரியைத் தேய்ச்சுக் கழுவி வச்சுட்டா. மீனும் சேர்ந்து போச்சு, போ!"

"சாக்கடை மீன்தான் வேணும்னா உங்க வீட்டுத் தொட்டியில வளத்துக்கோங்கடா" என்பார் லோர்னா. ஓர்வில் இரு தரப்பையும் மாறி மாறிப் பார்ப்பார். இரு தரப்பு சொல்வதும் அவருக்குச் சரியாகவே படும்.

சென்ற அக்டோபரில் கரையோரம் லூன் என்ற மீன்தின்னி நீர்ப்பறவைகள் செத்து ஒதுங்கின. பல்கலைக்கழகத்திலிருந்து மாரிட் என்ற பெண் வந்து பார்த்துக் காரணம் சொன்னாள். ஓர்விலும் நானும் உடனிருந்தோம்.

"கப்பல்களோட வந்த சிப்பிங்க தண்ணியை வடிகட்டித் தெளிய வச்சுடுது. வெயில் அடிவரைக்கும் போறதால பாசி மண்டுது. அது அழுகினா விஷம். அந்த விஷம் சின்ன மீனுக்குள்ள போகுது, மீனைத் தின்ன பறவைக்கும் போகுது."

ஓர்வில் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். "அப்போ, தண்ணி தெளிஞ்சதாலயா சாவுது?"

"அதுவும் ஒரு காரணம்."

"லோர்னா செஞ்சது தப்பா?"

"ஐயோ, இல்லைங்க. சாக்கடையும் விஷம்தான்."

"பின்னே நான் யாரைத்தாம்மா திட்டுறது?"

"தெரியலைங்க. எனக்கும் தெரியலை."

அப்போதுதான் ஆழமில்லாத தண்ணீரில் ஒரு லூன் உயிரோடு தத்தளிப்பதைக் கண்டோம். கழுத்து துவண்டு, தலை தண்ணீருக்குள் விழுந்து விழுந்து எழுந்தது. ஓர்வில் பூட்ஸோடு இறங்கினார். அலகின் கீழ் உள்ளங்கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்தார்.

"பிழைக்கிறது கஷ்டம்" என்றாள் மாரிட். "பக்கத்து ஊர்ல பறவை வைத்தியசாலை இருக்கு. வேணும்னா கொண்டுபோய்ப் பாருங்க."

அவருடைய பழைய வண்டியில் ஏறினோம். பறவை அவர் மடியில், கோட்டுக்குள். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன், தலையாட்டி மறுத்தார். இடது கை ஸ்டியரிங்கில், வலது கை அலகின் கீழ். கியர் மாற்ற அந்தக் கையை எடுக்கும்போதெல்லாம் பறவையின் தலை துவண்டது. அதன் சிவப்புக் கண் திறந்தே இருந்தது.

ஊர் எல்லைச் சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். ஓர்வில் கியரைப் பார்த்தார், வலது கையைப் பார்த்தார். பிறகு கிளட்சை மிதித்துக்கொண்டு, தாடையால் எனக்குக் கியரைக் காட்டினார்.