பயாஸுக்குள் நுழைந்த காலை

எங்கள் வீட்டுக் கணினியைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான் என்று பாளையங்கோட்டையில் நாலைந்து பேராவது நம்பிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை.

அன்று காலை பத்து மணிக்கு அவளுக்கு ஒரு தேர்வு. தேறினால் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு அவள் தேடிய முதல் வேலை இது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதமாக உட்கார்ந்து படித்திருந்தாள். தேர்வெழுத ஒரு மென்பொருளைக் காலையில்தான் அனுப்பினார்கள். அது நம் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டுமாம், ஒரே வீட்டில் மாடிப் போர்ஷனுக்கு ஆள் வைப்பது மாதிரி. திறந்தால், அதற்கு வேண்டிய விர்ச்சுவலைசேஷன் என்கிற வசதி அணைந்திருக்கிறது, விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற பயாஸ் பக்கத்தில் போய் இயக்கு என்று சொல்லிவிட்டு நின்றுபோனது.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றேன். என்ன விஷயம் என்றே எனக்குத் தெரியாது.

கணினி விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நாங்குநேரில கல்யாணப் பந்தில இருக்கேன் அண்ணாச்சி. ஆன் பண்ணின ஒடனே டெலீட் கீயத் தட்டிக்கிட்டே இருங்க. நீலமா ஒரு பக்கம் வரும். அங்கன போயி மாத்திருங்க. கண்டதையும் தொட்டுறாதிய. கேசரி வைக்கான், பொறவு பேசுதேன்."

தட்டினேன். நீலப் பக்கம் வரவில்லை, வழக்கம்போல விண்டோஸ் வந்தது. அணைத்துப் போட்டு மறுபடி தட்டினேன். ஏழெட்டுத் தடவை ஆனது. மதர்போர்டைத் திட்டினேன், அதைச் செய்த நாட்டைத் திட்டினேன், கடைசியில் இந்த வயதில் உனக்குத் தேர்வு எதற்கு என்று அவளையே திட்டினேன். மணி ஒன்பதேகால்.

"தள்ளுங்க. அந்தக் கீ கீழ எறங்குதா இல்லியான்னு பாத்தியளா?"

இறங்கவில்லை. கொண்டை ஊசியால் அதன் மூடியை நெம்பி எடுத்தாள். அடியில் சந்தனம் குங்குமத்தோடு காய்ந்து கெட்டித்துக் கிடந்தது.

சாமியாவது பூதமாவது என்று தெருவெல்லாம் பேசுகிறவன் நான். ஆனால் ஆயுத பூஜை வந்தால் ஸ்கூட்டர், அரிவாள்மனை, மிக்சி, கணினி என்று ஒன்றையும் விடமாட்டேன். எதற்கு வம்பு என்பதுதான் என் கொள்கை. கீபோர்டின் நடுவில் பொட்டு வைத்தால் தட்டுவதற்கு இடைஞ்சலாகும் என்று மூளையைச் செலவழித்து, நான் தொடவே தொடாத ஓரத்துக் கீயாகப் பார்த்துத் தாராளமாக அப்பியிருந்தேன்.

"ஒங்க பக்திய என்னன்னு சொல்ல?" என்றபடி சுரண்டித் துடைத்து, கணினியை அணைத்துப் போட்டு, அவளே கீயைத் தட்டினாள். நீலப் பக்கம் வந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு போய் அந்த வரியைக் கண்டுபிடித்தாள். வாங்கின நாளிலிருந்து அந்த வசதி உள்ளேதான் இருந்திருக்கிறது. செய்தவர்களே அணைத்து அனுப்பியிருக்கிறார்கள், நாங்களும் கேட்கவில்லை. அவள் அதை இயக்கிச் சேமித்தாள். நான் பக்கத்தில் நின்று "பாத்து, பாத்து" என்று சொல்லி உதவினேன்.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தேர்வு திறந்தது. கேள்விகளுக்கு முன்னால் ஒரு படிவம். இத்தனை வருஷம் வேலை செய்யாததற்குக் காரணம் என்ன என்று கேட்டு, சின்னதாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அவள் விரல் அங்கே நின்றது. பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம், ஒரு சம்பளம் போதாதா, வீட்டில் இரு என்று சொன்னவன் நான். கேட்டவர்களிடமெல்லாம், அவளுக்கே இஷ்டமில்லை, விட்டுவிட்டாள் என்று சொன்னவனும் நான்.

"என்ன போடப் போற?" என்றேன். எனக்குப் பயமாக இருந்தது.

"குடும்பம்னு போடுதேன். உள்ளத எழுத இந்தக் கட்டம் பத்தாது. நீங்க வெளிய போயி கதவச் சாத்துங்க."

சாத்தினேன். கதவுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே அவள் தட்டுகிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.