பத்து லட்சத்து ஒன்று

பிலோமினா மிஸ் இறந்த செய்தியை நம் ஆசிரியர் வாட்ஸப் குழுவில் போட்டவர், அவரை விடைத்தாள் திருத்தும் அறையிலிருந்து வெளியே அனுப்பிய அதே தலைமைத் திருத்துநர். 'கணிதத்தின் மீது தீராத பற்றுக் கொண்டவர்' என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். எனக்குப் பற்றி எரிந்தது.

மயிலாப்பூர் பள்ளியில் நானும் அவரும் கணக்கு நடத்தினோம். சாந்தோமிலிருந்து நடந்தே வருவார். ஒருமுறை எங்கள் தாளாளர் தன் புதுக் காருக்கு 1001 என்ற எண்ணை வாங்கிவிட்டு, "எதாலயும் வகுபடாத நம்பர்" என்று பீற்றிக்கொண்டார். "ஏழால போகுது சார். பதினொண்ணால, பதிமூணாலகூடப் போகுது" என்றார் மிஸ். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். அவர் சிரிக்கவில்லை. தப்பைத் திருத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

அடையாற்றில் ஒரு தனியார் உதவித்தொகைத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தப் போயிருந்தோம். '1000001 பகா எண்ணா?' என்பது ஒரு கேள்வி. பகா எண் என்றது விடைக்குறிப்பு. ஒரு மாணவி மட்டும் 101 × 9901 என்று எழுதியிருந்தாள். மிஸ் பெருக்கிப் பார்த்தார். சரியாக வந்தது. குறிப்பு தயாரித்தவர்கள் நூறு வரை வகுத்துப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். நூற்றொன்றால் வகுபடுகிறது.

"ஆன்சர் கீ வந்தா வந்ததுதான் மேடம். மேல கேட்டாச்சு" என்றார் தலைமைத் திருத்துநர்.

"மேல கேட்டா அது பகா எண்ணாயிடுமா? வகுத்துப் பாருங்க சார், ரெண்டு நிமிஷம்."

"உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை. வேற யாருக்காவது இருக்கா?"

மிஸ் எங்களைப் பார்த்தார். நானும் பென்சிலால் ஓரத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டிருந்தேன். குனிந்து அடுத்த தாளைப் பிரித்தேன். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் அப்படித்தான் குனிந்தீர்கள்.

அந்த மாணவிக்கு அவர் முழு மதிப்பெண் போட்டார். விடைத்தாள் கட்டைப் பிடுங்கி, அந்த மதிப்பெண்ணை அடித்துப் பூஜ்யமாக்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு கூப்பிடவே இல்லை. உதவித்தொகைப் பட்டியலில் அந்த மாணவியின் எண் இல்லை. மிஸ் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. பழைய வினாக்களோடு வந்த மறுவருடத் தேர்வுக் கையேட்டில் அந்த விடையைச் சத்தமில்லாமல் திருத்தியிருந்தார்கள். அவள் பெயரும் இல்லை, இவர் பெயரும் இல்லை.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா சார்?"

"தெரியும் மிஸ்."

"தெரியாதவர் மேல எனக்குக் கோவமே இல்ல. தெரிஞ்சிக்கினே குனிஞ்சீங்க பாருங்க, அதுக்கு நான் இன்னா சொல்ல? காபி குடிச்சிட்டுப் போங்க."

காபி கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

அவரைப் பற்றி ஆளுக்கொரு நல்ல வார்த்தையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தராத அந்த மன்னிப்புதான் எனக்கு. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.