நான்காவது மாடியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தது

மதுரை ரிங் ரோட்டுக்குச் சற்று முன்னால், காரியாபட்டி வழியாக வரும் சாலையை ஒட்டி, நாங்கள் ஒரு வீடு வாங்கியிருந்தோம். நான்காவது மாடி, கிழக்குப் பார்த்த வாசல். கட்டடத்தைத்தான் இன்னும் கட்டவில்லை. கணவர் சவுதியில் கிரேன் ஓட்டுகிறார். நான் மகளோடு அருப்புக்கோட்டையில் வாடகைக்கு இருந்துகொண்டு, திருச்சுழியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். முன்பணமும் இரண்டு தவணையும் கட்டியாகிவிட்டது. சாவி தருவதாகச் சொன்ன மாதம் வந்தபோது அங்கே ஒரு பள்ளமும் தகரக் கொட்டகையும் மட்டும் இருந்தன.

ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். போன வாரத்திலிருந்து ஒரு செங்கல் கூடியிருக்கிறதா என்று தேடுவேன். ஒரு தடவை மகளையும் கூட்டிப் போனேன்.

"நம்ம வீடு எதும்மா?"

பள்ளத்துக்கு மேலே வெறும் வானத்தைக் காட்டினேன். "அந்தா காக்கா பறக்குதுல்ல, அந்த உசரத்துல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்கறையாகப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த வாரம், வீடு கட்டித் தருவதாகச் சொன்ன கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இன்னும் ஒன்றரை வருடம் பொறுப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் விலகிக்கொள்ளலாம், ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கணவரிடம் போனில் படித்துக் காட்டினேன்.

"நீதான நேர்ல பாக்குற? நீ சொன்னா சரி" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. விலகினால் என்னால் வீடு போயிற்று. விலகாமல் இருந்தால் என்னால் பணம் போயிற்று. இரண்டுக்கும் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தருகே இன்னொருவரும் நின்றார். வீரசோழன் ஊர்க்காரர், வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மகளுக்காக இரண்டாவது மாடியில் வாங்கியிருந்தார்.

"நான் இருக்கப் போறேம்மா. வெளிய போனா இந்த வெலைக்கு இனி எங்க கெடைக்கும்?"

"கட்டாமலே விட்டுட்டா, பாய்?"

"அதத்தாம்மா தெனமும் நெனைக்கிறேன்" என்றார்.

கையெழுத்துப் போடுவதென்று முடிவு செய்து பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டையில் இறங்குவதற்குள் மனசு மாறிவிட்டது. மறுநாள் வேலையில் இரண்டு குழாய்களில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். அறிக்கை வெளியே போவதற்கு முன்பு நானே கண்டுபிடித்தேன். ஒருவர் சர்க்கரை நோயாளி, மற்றவர் கர்ப்பிணிப் பெண். இருவரையும் மறுபடி கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, ரத்தம் எடுத்தேன். அந்தப் பெண் மறுபடியும் கையை நீட்டினாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு தவறு செய்ததில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

கம்பெனி அலுவலகத்தில் ஒரு பெண் படிவத்தைக் கொடுத்து, "காரணம் எழுதணும் மேடம்" என்றாள்.

"நீங்க கட்டல. அதான் காரணம்."

"பிடித்தம் இருக்கு மேடம்."

"லேட் பண்ணுனது நீங்க. எங்கிட்ட எதுக்குப் பிடிக்கிறீக? அதையும் எழுத்துல குடுங்க, வக்கீல்ட்ட காட்டணும்."

எனக்கு எந்த வக்கீலையும் தெரியாது. அவள் உள்ளறைக்குப் போனாள். வெகுநேரம் கழித்து மேலாளர் வந்து, பிடித்தம் இல்லை, ஆனால் வட்டி கேட்கக் கூடாது என்றார். எழுதிக் கொடுத்தேன்.

பணம் இழுத்து இழுத்து வந்து சேர்ந்தது. கடைசிப் பங்கு வந்த வாரம் வீரசோழன்காரர் போன் செய்தார்.

"தூணு ரெண்டு மாடி ஏறிருச்சும்மா. அவசரப்பட்டீகளோ?"

"இருக்கலாம் பாய்" என்றேன். அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

இப்போது பாலவனத்தத்தில் ஒரு பழைய வீட்டைப் பார்த்திருக்கிறோம். போன வாரம் கணவர் லீவில் வந்தபோது மூவருமாகப் போனோம். மகள் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினாள். கணவர் குழாயைத் திருகினார், தண்ணீர் வந்தது. விலைதான் இன்னும் படியவில்லை.