பைரவருக்குப் போட்ட மாலை

போன தேய்பிறை அஷ்டமியன்று கிரிவலப் பாதையில் ஒருவர், தெருநாயின் கழுத்தில் சாமந்தி மாலை போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் முன்பு வேலை பார்த்த லாட்ஜின் முதலாளியும் இப்படித்தான் கும்பிடுவார்.

அஷ்டமி தவறாமல் லாட்ஜ் வாசல் நாய்க்கு மாலை, பிஸ்கட், பெரிய கும்பிடு. "பைரவரே, பைரவரே" என்று அவர் உருகும்போது, ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அது பெட்டை நாய். வயிறு பெருத்தபோதுகூட, "நம்ம பிஸ்கட்ல உடம்பு தேறிட்டாரு பாரும்மா" என்று பூரித்துப்போனார். சினையாக இருக்கிறது என்றேன். சாமியைப் பற்றி அப்படிப் பேசலாமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு பௌர்ணமி காலை. வெளியூர்க் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. வைத்த சோற்றை அந்த நாய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் போய்த் தரையைப் பிராண்டியது, கால்மிதிச் சாக்கை இழுத்துப்போய்க் கிழித்தது, படுத்தது, எழுந்தது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது, பின்புறத்தைத் திரும்பித் திரும்பி நக்கியது. கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டு நாய் குட்டி போடும் நாளில் இதே பாட்டைப் பட்டதைப் பார்த்திருக்கிறேன். தரை துடைக்கப் போன ஆளைப் பார்த்து அது உறுமியதுதான் தாமதம், முதலாளி அலறினார்.

"வெறி புடிச்சிடுச்சுடா! வர்ற ஜனங்கள கடிச்சா லாட்ஜ் பேரு இன்னா ஆவறது? அடிச்சுத் தொரத்து!"

"வெறி இல்லீங்க, குட்டி போடப் போவுது. காம்புல பால் கசியுது பாருங்க!"

"நீ சும்மா இரும்மா. உனக்கு இன்னா தெரியும்?"

மாலை போட்ட அதே கைதான் கம்பை எடுத்து அந்த ஆளிடம் நீட்டியது. நான் ஓடிப்போய்க் குறுக்கே நிற்பதற்குள் நாயின் விலாவில் ஓர் அடி விழுந்துவிட்டது. இன்னும் ஓர் அடி விழுந்தால் என் மேல்தான் விழும் என்று கத்தினேன். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போனார். ஒரு பெட்ஷீட்டை மறைப்பாகக் கட்டிவிட்டு அங்கேயே நின்றேன்.

மதியத்துக்குள் குட்டிகள் பிறந்தன. முதல் குட்டிக்கு உயிரில்லை. அந்த அடியால்தானா, எனக்குத் தெரியாது. சாயங்காலம் முதலாளி கற்பூரமும் புது மாலையுமாக வந்து நின்றார்.

"நம்ம எடத்துல பைரவர் பொறந்திருக்காரும்மா!" செத்த குட்டியைக் காட்டினேன். "அதுக்கு ஆயுசு கம்மி, அவ்ளோதான்" என்றார்.

"ஆயுசு கம்மி இல்லீங்க, அடி ஜாஸ்தி."

அதற்கு மேல் அங்கே வேலை பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கிரிவலப் பாதையில் மாலையோடு நின்ற இந்த நாயும் இரைத்துக்கொண்டிருந்தது. வயிறு தொங்கியது. அவரைப் பார்த்துச் சுற்றிக் கூடிக் கும்பிட்டவர்களின் கால்களுக்கு நடுவே வழி தேடித் தவித்தது. நான் குனிந்து மாலையைக் கழற்றினேன்.

"சாமிக்குப் போட்டத ஏம்மா கழட்டற?" என்று மாலை போட்ட மனிதர் சீறினார்.

"சாமிக்கு இடுப்பு வலி எடுத்திருக்குதுங்க. வழி வுடுங்க."

அவர் அப்போதுதான் அதன் வயிற்றைப் பார்த்தார்.