அந்தமானிலிருந்து போட்ட கார்டு

மதராஸ் காலேஜில் ஜியாலஜி படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருஷம் எங்கள் புரொபசர் மாணவர்கள் ஏழு பேரை எரிமலை பார்க்கக் கப்பலில் கூட்டிப்போனார். அந்தமானுக்குக் கிழக்கே, ஆள் குடியில்லாத ஒரு தீவு. குன்றாண்டார்கோவில் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு, "ஒரு தீவுக்குப் படிக்கப் போகிறோம்" என்று மட்டும் எழுதினேன். அந்தமான் என்று எழுதியிருந்தால் அப்பா விட்டிருக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் அந்தமான் என்றால் ஜெயில். வேறு அர்த்தம் கிடையாது.

தீவில் இறங்கியபோது கரையோரத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கறுத்த சாம்பல் சரிவில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. உச்சியில் பாறை இடுக்குகளிலிருந்து ஆவி வந்தது. ஓரமெல்லாம் மஞ்சளாகக் கந்தகம். தெர்மாமீட்டரை உள்ளே விட்டுச் சூட்டைக் குறித்துக்கொண்டேன். அப்படியொரு பயத்தையும் சந்தோஷத்தையும் சேர்த்து நான் அனுபவித்ததில்லை. திரும்பும் வழியில் போர்ட் பிளேரில் கப்பல் நின்றது. அதே குதூகலத்தில் வீட்டுக்கு ஒரு கார்டு போட்டேன்: "அந்தமானில் இருக்கிறேன். சுகம். கவலைப்பட வேண்டாம்."

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் கடைவீதியில் வைத்தே வாசித்துக் காட்டியிருக்கிறார்.

நான் ஊர் திரும்பியதும் ஆத்தா என் மணிக்கட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலங்குத் தழும்பைத் தேடுகிறாள் என்பது அப்புறம்தான் விளங்கியது. அதற்குள் தங்கச்சிக்கு நிச்சயம் செய்திருந்த அறந்தாங்கி சம்பந்தம் கலைந்து போயிருந்தது.

அப்பாவும் நானும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் தகப்பனார் மரியாதையாகத்தான் பேசினார்.

"தம்பி, படிக்கப் போனீங்கன்னு நான் நம்புறேன். என் சனம் நம்பணுமே? ஜெயிலுக்குப் போனவன் தங்கச்சின்னுதான் சொல்லுவாங்க."

"எங்க புரொபசர் எழுதிக் குடுத்திருக்காருங்க" என்று காகிதத்தை நீட்டினேன்.

"இங்கிலீசுல இருக்கு. இதை நான் யாருக்குப் படிச்சுக் காட்டுறது?"

வரும் வழியில் அப்பா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "பேரைச் சொல்லியிருந்தா, போகாதேன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதானேப்பா."

இரண்டு வருஷம் கழித்து, மனைவியை இழந்த ஒருவருக்குத் தங்கச்சியை இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பின்கட்டில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அண்ணே, அந்த மலையில அப்படி என்னதான் இருந்துச்சு?"

அதுவரை வீட்டில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சரிவு, ஆவி, கந்தகத்தின் நெடி என்று எல்லாவற்றையும் சொன்னேன். கை வேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

"பொம்பளைப் புள்ளைக யாரும் வந்தாங்களா?"

"இல்லம்மா."

அவள் அடுத்த பூவை எடுத்து வைத்துத் தொடுத்தாள். அவளுக்கு வாய்த்தவர் நல்ல மனிதர். என்னைப் பற்றி ஒரு சொல் தவறாகச் சொன்னதில்லை. இருந்தும் அந்த வீட்டுக்கு நான் வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் போனதில்லை.